மைக்குக்கு மட்டும் பாடிய இருவர்

போட்டி மேடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு, பாடகரின் திறமை என்றாலே உச்சஸ்தாயியும் நீண்ட மூச்சும்தான் நினைவுக்கு வரும். கூட்டமே இல்லாத அறையில், வயிற்றுப்பாட்டுக்காக இல்லாமல், ஒரு கிட்டாரோடு உட்கார்ந்து சொந்தக் கவிதையைப் பாடியவரை எதை வைத்து மதிப்பிடுவது? இரண்டு வீட்டுப் பதிவுகளை அருகருகே வைத்துக் கேட்டால் விடை கிடைக்கிறது.

முதலாமவர் கானி கன்வர்ஸ், 1924இல் பிறந்த அமெரிக்கர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நியூயார்க் வந்தவருக்கு அச்சகத்தில் வேலை. மிச்ச நேரமெல்லாம் பாட்டு. பின்னாளில் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படங்கள் சிலவற்றை இயக்கிய ஜீன் டைட்ச், 1954இல் தன் வீட்டில் அவரைப் பாடவைத்து ஒலிநாடாவில் பிடித்தார். அதே ஆண்டு கன்வர்ஸ் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தோன்றியும் வாய்ப்பு எதுவும் தேடி வரவில்லை. 1961இல் நியூயார்க்கை விட்டுப் போனார். 1974இல் காரில் கிளம்பியவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியாது. அந்தப் பாடல்கள் ஆல்பமாக வந்தது 2009இல்.

இரண்டாமவர் ஜெர்மனியின் சிபில்லே பையர். 1970களின் தொடக்கத்தில் வீட்டிலேயே நாடாக் கருவியில் பாடிவைத்தார். பல்லாண்டு கழித்து அவர் மகன் குடும்பத்தாருக்காக அவற்றை சிடியில் தொகுத்தார். ஒரு பிரதி ராக் இசைக் கலைஞர் ஜே மாஸ்கிஸ் கைக்குப் போக, அவர் மூலம் ஒரு சிறு இசை நிறுவனத்தை எட்டி, 2006இல் ‘கலர் கிரீன்’ என்ற ஆல்பமானது.

குரல்

பையரின் குரல் தாழ்ந்தது, வீச்சும் குறைவு. அரங்கில் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. ஆனால் மைக்கை ஒட்டி உட்கார்ந்து பாடுவதால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. எந்த இடத்திலும் அவர் குரலை உயர்த்தி உணர்ச்சியைக் கூட்டுவதில்லை. சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுகிறார். கன்வர்ஸ் நேர் எதிர். ஒவ்வொரு சொல்லும் துலக்கமாக விழும், அலங்காரமில்லாத குரல். எதிரே நாலு பேர் இருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. நெருக்கத்தில் பையருக்கே முதலிடம்.

கிட்டார்

இங்கே கன்வர்ஸ் வெகுதூரம் முன்னே நிற்கிறார். அன்றைய நாட்டுப்புறப் பாடகர்கள் பலருக்கு மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும். இவரோ வரியின் நடுவிலேயே எதிர்பாராத கார்டுக்குத் தாவி, வரி முடிவதற்குள் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறார். பையர் விரலால் மீட்டும் ஒரே பின்னலைப் பாட்டு முழுக்க ஓடவிடுகிறார். கேட்க இதம்தான், ஆனால் ஆல்பத்தின் பிற்பாதியில் ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு மங்குகிறது. கடைசிப் பாடலான ‘கிவ் மீ எ ஸ்மைல்’ மட்டும் வயலின் கூட்டத்தோடு வருகிறது. அதுவரை ஒரு தனி அறையில் இருந்த நம்மை அந்த வாத்தியங்கள் வெளியே இழுத்துப் போடுகின்றன.

வரிகள்

பையரின் ‘டுநைட்’ பாடலில் ஒரு பெண் வேலை முடிந்து வீடு திரும்புகிறாள். ஒருவன் அவள் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான்; மடியில் அவள் பூனை. உவமை தேடி அலையவில்லை. வெண்ணெயும் பூனையும் அவன் அங்கே எவ்வளவு உரிமையோடு இருக்கிறான் என்று சொல்லிவிடுகின்றன. கன்வர்ஸின் ‘ரோவிங் வுமன்’ மதுக்கடை, சீட்டாட்டம் என்று சுற்றும் பெண்ணின் வாக்குமூலம். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் கேலி செய்கிறார். எதுகை விழும் இடத்தில் குத்தும் விழுகிறது. சில பாடல்களில் இந்தச் சாமர்த்தியமே நம்மைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுகிறது என்பதுதான் குறை.

தீர்ப்பு

பாட்டுக் கட்டுவதில் கன்வர்ஸ். பாடிக் காட்டுவதில் பையர். கன்வர்ஸின் பாடல்களை வேறொருவர் பாடினாலும் நிற்கும். பையரின் பாடல்களை அந்தக் குரலிலிருந்து பிரித்தால் பாதி போய்விடும்.

பொழுதுபோக்காகக் கிட்டார் எடுப்பவர்கள் இருவரிடமும் கற்கலாம். குரலுக்கு எட்டாத சுருதியில் முட்டி மோத வேண்டாம். எட்டும் சுருதியில் சொல் தெளிவாக விழட்டும். காதல், பிரிவு என்று பெரிய சொற்களைக் கொட்டுவதைவிட, கண்ணால் கண்ட இரண்டு பொருள்களைச் சரியான வரிசையில் வைத்தால் போதும். மேடை ஏறவில்லை என்பதற்காக உழைப்பைக் குறைக்கவும் கூடாது: கன்வர்ஸின் கார்டுகள் எதுவும் தற்செயலாக விழுந்தவை அல்ல.

டைட்ச் நாடாவை ஓடவிடாமலும், பையரின் மகன் பழைய நாடாக்களைத் தேடி எடுக்காமலும் இருந்திருந்தால் இந்த அலசலுக்கே வேலை இருந்திருக்காது. உங்கள் வீட்டில் யாராவது சொந்தமாகப் பாட்டுக் கட்டினால், நன்றாக இருக்கிறதா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்; முதலில் போனை எடுத்துப் பதிவு செய்துவிடுங்கள்.