மடித்த தாளின் சௌந்தரியம்

அமெரிக்க நகரங்களில், தெருமுனைச் சீன போஜனசாலைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அரைமணி நேரத்தில் ஆவி பறக்க வீட்டுக்குக் கொண்டுவரும் நூடுல்ஸின் ருசியைக் காட்டிலும், அதைத் தாங்கி வருகிற வெண்ணிறக் காகிதப் பெட்டியின் சௌந்தரியமே என் மனத்தை அதிகம் கவர்கிறது. ஆதியில், ஓடு நீக்கிய சிப்பிகளைச் சுமக்கப் பயன்பட்ட அவ்வகைப் பெட்டிக்கு, சிகாகோவைச் சேர்ந்த பிரெடரிக் வீக்ஸ் வில்காக்ஸ் 1894-இல் காப்புரிமை பெற்றார். ஒரே தாளை மடித்து மடித்தே உருவாக்கியிருப்பதால் மூலைகளில் பிளவில்லை. குழம்பு எளிதில் கசிவதில்லை. மேல்மடிப்புகளின் சந்து வழியே ஆவி மட்டும் மெல்ல வெளியேறுகிறது. சிவப்பு மையில் அச்சிட்ட அடுக்குக் கோபுரச் சித்திரமும் அமெரிக்காவில் சேர்ந்ததே. கம்பிப் பிடியைக் கழற்றி மடிப்புகளைப் பிரித்தால் பெட்டியே தட்டாக விரிந்துவிடும் என்று கண்டுகொண்ட அன்று எனக்கு உண்டான ஆனந்தம் கொஞ்சமல்ல.