மாளிகையும் லயமும்

தோட்டத்து மாளிகை ஒன்று அருங்காட்சியகமாக மாறும்போது, அது யாருடைய வரலாற்றைச் சொல்கிறது என்பதே முதலில் எழுப்பத்தக்க வினாவாகும். தூண்களின் அழகும் மேசை நாற்காலிகளின் பழமையும் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கவை.

அமெரிக்காவின் தென்பகுதியான லூசியானாவில் விட்னி என்னும் பழைய கரும்புத் தோட்டம் உள்ளது. அம்மாநிலத் தோட்ட மாளிகைகள் பலவற்றில் முதலாளி குடும்பத்தின் செல்வச் சிறப்பே நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. 2014இல் திறக்கப்பட்ட விட்னி காட்சியகம் அவ்வழக்கத்தை மாற்றியது. அடிமைகளின் குடில்களும் அவர்தம் பெயர் பொறித்த சுவர்களும் அங்கே முதன்மை பெற்றன. இலங்கையின் கம்பளைக்கு அருகிலோ, தேயிலைத் தொழிலாளர் வாழ்ந்த லயமே 2007இல் அருங்காட்சியகமாயிற்று. துரையின் பங்களாவை விடுத்துத் தொழிலாளியின் அறையைத் தேர்ந்ததே அதன் தனிச்சிறப்பு எனலாம்.

இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு நம் கெடா மாநிலத்தை நோக்குவோம். மெர்போக்கில் 1980இல் திறக்கப்பட்ட பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் பண்டைய கடாரத்தின் பெருமையைப் பேசுகிறது. சுங்கை பத்துவில் 2009ஆம் ஆண்டு அகழாய்வு, செம்பனைத் தோட்டத்து மண்ணுக்கடியிலிருந்து பழைய இரும்பு உலைக்களங்களை வெளிக்கொணர்ந்தது. நாம் பெருமிதம் கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். ஆயினும், ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதெனக் கருதப்பட்ட பதினோராம் எண் சண்டி, 2013இல் நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. பழங்கோயிலுக்கே இக்கதி என்றால், பலகை லயத்துக்குக் காவல் ஏது?

அந்த லயங்களுக்கும் வரலாறு உண்டு. பீடோங் வட்டாரத்து ஹார்வார்ட் தோட்டத்தை எண்ணுக. போருக்குப் பின் அங்கே ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. 1947இல் கெடாத் தோட்டங்களில் தொழிலாளரும் காவல்துறையினரும் மோதினர். இவ்வரலாறு பங்களாவின் மாடியில் நிகழ்ந்ததன்று. கள்ளுக்கடை வாசலிலும் பெரட்டுக் களத்திலும் நிகழ்ந்தது. நாளை ஒரு பங்களாவைப் புதுப்பித்துத் துரையின் சாய்வு நாற்காலியை மட்டும் கண்ணாடிக்குள் வைப்பாராயின், அது அழகிய வீடாக இருக்கும், வரலாறாக இராது.

நம் எழுத்தாளர்களிடமும் ஒரு குறை உண்டு. பால்வாளியையும் மங்கையும் கங்காணியின் அதட்டலையும் நம் புனைகதைகள் காத்து வந்துள்ளன, அது அரும்பணியே. எனினும் கதைமாந்தரின் கண்ணீர் சான்றாவணம் ஆகாது. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை காசு கூலி, எந்த ஊரிலிருந்து வந்தோர் என்று கேட்கும் பேரனுக்கு உணர்ச்சி மட்டும் விடையாகுமா?

செக்ரோல் ஏடுகள் செல்லரிக்குமுன், பால் வெட்டிய முதியோர் மறையுமுன், பெயர்களைத் தொகுப்போம். பங்களா அருங்காட்சியகமாவதை நாம் எதிர்க்கவேண்டியதில்லை. அதன் முன்கூடத்தில் அப்பெயர்ப் பட்டியல் முதலில் இடம்பெற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.