அன்னார்: வானொலி நினைவுக் கட்டுரைகளைப் பற்றி

வானொலி பற்றிய நினைவுக் கட்டுரைகளைத் தேடித்தேடி வாசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பத்து வாசித்தால் பதினோராவதைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். முதல் பத்தியில் மர்ஃபியோ பிலிப்ஸோ ஒரு பெட்டி வரும். போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் புதுப்பித்த கதை வரும். பிறகு ‘பொங்கும் பூம்புனல்’, ‘பாட்டுக்குப் பாட்டு’, கே.எஸ். ராஜாவின் வேகம், அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல். கடைசியில் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சில் நானும் கலந்துகொண்டிருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இருபது வருஷமாக இதே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்தபின் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இந்தக் கட்டுரைகளில் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் எப்போதும் ஒரே ஆள்தான்: பாட்டுக் கேட்கும் பையன். அந்த வீட்டில் வேறு யாருமே ரேடியோ கேட்கவில்லையா?

எங்கள் வீட்டில் அப்பாயி கேட்டாள். அவளுக்குப் பாட்டு ஒரு பொருட்டே இல்லை.

கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில், முந்திரிக்காட்டு ஓரத்தில் எங்கள் வீடு. தஞ்சாவூர் - புதுக்கோட்டை ரோட்டில் பஸ் போகிற சத்தம் ராத்திரியில் கேட்கும். செம்மண் பூமி, மானாவாரிக் கடலை, மழையை நம்பிய ஏரி. கொழும்பு நிலையம் எங்களுக்குத் திருச்சி அளவுக்கே தெளிவாகக் கேட்கும். சில ராத்திரிகளில் அதைவிடத் தெளிவாக. மத்திய அலை ராத்திரியில் தூரம் போகும் என்பதும், நடுவில் கடல் இருந்தால் அதற்கு இன்னும் சௌகரியம் என்பதும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்போதைக்கு எங்களுக்கு இலங்கை பக்கத்து ஊர், அவ்வளவுதான்.

அப்பாயிக்கு அது உண்மையாகவே பக்கத்து ஊர். அவளுடைய அண்ணன், யுத்தத்துக்கு முந்தின வருஷம், பதினாறு வயசில், ஒரு கங்காணியோடு மண்டபம் முகாம் வழியாகக் கப்பலேறிப் போனவர். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டம். புதுக்கோட்டைச் சீமையில் இப்படி ஆள் போகாத ஊர் அநேகமாக இல்லை. 1948-ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவரை நாடற்றவர் ஆக்கியது. 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டபோது, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவும் மூன்று லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்று பங்கு பிரித்தார்கள். அதில் தான் எந்தப் பங்கு என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரிந்ததாகத் தெரியவில்லை. ‘பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்’ என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவார். 1982-க்குப் பிறகு கடிதம் இல்லை. அடுத்த வருஷம் ஜூலை. அதற்கடுத்த வருஷம் தலைமன்னார்க் கப்பலும் நின்றது.

அப்பாயி கேட்டது மரண அறிவித்தல். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாட்டுகளுக்கு இடையில், காசு கட்டியவர்கள் வீட்டுச் சாவுச் செய்தியை அறிவிப்பாளர் வாசிப்பார். இந்த ஊரைப் பிறப்பிடமாகவும் அந்த ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார், காலஞ்சென்ற இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னார் இன்னாரின் தந்தையும் ஆவார். தகனம் எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில். ஒரு முழுக் குடும்பமும் ஒரே வாக்கியத்துக்குள் வந்து நிற்கும். சின்ன வயசில் எனக்கு அது அடுத்த பாட்டுக்கு இடைஞ்சல். அப்பாயி அப்போதுதான் முறத்தைக் கீழே வைப்பாள்.

“ஏய்யா, மஸ்கெலியான்னா சொன்னான்?”

“இல்ல அப்பாயி. மானிப்பாய்.”

“நல்லாக் கேட்டியா?”

“மானிப்பாய்தான்.”

இந்தப் பேச்சு எத்தனை முறை நடந்திருக்கும் என்று கணக்கில்லை. கரகரப்புக்கு நடுவில் ‘ம’ என்று தொடங்கும் எந்த ஊரும் அவளுக்கு மஸ்கெலியாதான். எனக்கு நினைவிருக்கும் ஊர்ப்பெயர்கள் சுன்னாகம், உரும்பிராய், சாவகச்சேரி, மானிப்பாய். தோட்டத்து லயத்தில் செத்துப்போகிறவனுக்கு ரேடியோவில் அறிவித்தல் கொடுக்க யாரிடம் காசு இருக்கும் என்று கேட்கிற வயசு எனக்கு அப்போது இல்லை. அப்பாயிக்கு இருந்தது. தெரிந்தேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நம் நினைவுக் கட்டுரைகளின் முதல் குறை இதுதான். வானொலியை அவை பாட்டுப்பெட்டியாகச் சுருக்கிவிடுகின்றன. அதனாலேயே வரலாறும் அவற்றில் பாட்டு வரலாறாகவே வருகிறது, அதுவும் பாதிதான். இலங்கை வானொலி நம்மைக் கட்டிப்போட்டதற்குக் காரணம் அறிவிப்பாளர்களின் திறமை என்கிறார்கள். திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1952-ல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாட்டைத் தரம் கெட்ட சரக்காகப் பார்த்தார். அவர் காலத்தில் ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்டக் காணாமல் போனது. அந்தப் பக்கம் கொழும்பில், மவுண்ட்பேட்டனின் படைத் தலைமைக்காக நிறுவிய 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி இருந்தது. 1950-லேயே வர்த்தக சேவையும் தொடங்கியிருந்தது. டெல்லி கதவைச் சாத்தியது, கொழும்பு திறந்து வைத்துக் காசு பார்த்தது. இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா ஓடியதும் இந்தக் கதவு வழியாகத்தான். 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியது ஆகாசவாணியின் தாமதமான மனமாற்றம்.

காசு என்று சொன்னதும் சிலருக்கு முகம் சுளிக்கிறது. ஏதோ கலைக்கோயிலில் உண்டியலைப் பார்த்துவிட்ட மாதிரி. சில்லையூர் செல்வராசன் எழுதி, ஒரு தலைமுறையை அழவைத்த ‘தணியாத தாகம்’ மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக வந்த நாடகம். விளம்பரதாரர் இல்லாமல் அந்தத் தாகம் இல்லை. மரண அறிவித்தலும் விலைக்குத்தான் கிடைத்தது. விலை இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால், விலை கொடுக்க முடியாதவர்கள் இருந்தார்கள் என்பதும் கட்டுரையிலிருந்து விழுந்துவிடுகிறது.

திருச்சி நிலையத்துக்கு இந்தக் கட்டுரைகளில் கிடைக்கும் இடம் அதைவிட மோசம். 1939 மே 16 முதல் பேசிக்கொண்டிருக்கும் நிலையம் அது. நினைவுக் கட்டுரைகளில் அது மந்தமான அரசாங்கக் குரலாக, கொழும்புக்குத் திருப்பும் வழியில் முள் கடந்து போகிற இடமாக மட்டுமே வருகிறது. எங்கள் அப்பாவைக் கேட்டால் வேறு சொல்வார். அறுபதுகளின் நடுவில் ஏ.டி.டி. 27 என்ற குறுகியகால நெல் வந்தபோது, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சி அதைத் தஞ்சை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோனது. அந்த ரகத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் விவசாயிகள் வாயில் நிற்கவில்லை. ‘ரேடியோ நெல்’ என்றுதான் கேட்டு வாங்கினார்கள். உலகத்தில் எத்தனை வானொலி நிலையங்களின் பெயரில் ஒரு தானியம் விளைந்திருக்கிறது? இதை வைத்து ஒரு நினைவுக் கட்டுரை கூட நான் வாசித்ததில்லை. நெல்லுக்கு மெட்டு இல்லை என்பதாலோ என்னவோ.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விடுபடலும் உண்டு. தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதிய இருவரில் சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலிக்காரர், பி.பி.சி.யின் தமிழ் நிகழ்ச்சிக்குத் ‘தமிழோசை’ என்று பெயர் வைத்தவர், ‘ஒலிபரப்புக் கலை’ என்று நூலே எழுதியவர். மற்றவர், சிட்டி, ஆகாசவாணிக்காரர். சிட்டியோடு சேர்ந்து ‘நடந்தாய் வாழி காவேரி’ எழுதிய தி. ஜானகிராமனும் ஆகாசவாணியில் வேலை பார்த்தவர். ஜானகிராமன் உரையாடலில் கேட்கிற காதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்தக் காது பகலில் எங்கே சம்பளம் வாங்கியது என்று யோசிப்பதில்லை. இதைத் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

நான் ஒரு வானொலி நிலையத்தில் மூன்று வருஷம் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். மாசத்துக்கு ஆறு டியூட்டி கிடைத்தால் பெரிய விஷயம். க்யூ ஷீட்டை வைத்துக்கொண்டு, ஸ்பூல் டேப்பை மாட்டி, சிவப்பு விளக்கு எரிந்ததும் ஃபேடரைத் தள்ளி, படம், பாடியவர், இசையமைத்தவர் என்று சொல்ல வேண்டும். இரண்டு பாட்டுக்கு நடுவில் பத்து வினாடி மௌனம் விழுந்தால் லாக் புக்கில் ஏறும். அதற்கு விளக்கம் எழுத வேண்டும். உலகத்தில் மௌனத்துக்கு விளக்கம் கேட்ட ஒரே வேலை அதுதான்.

குரல் தேர்வில் என்னை எடுத்த அதிகாரி ஒரு நிபந்தனை போட்டார். “தம்பி, குரல் நல்லாருக்கு. ஆனா ஊர் வாடை அடிக்குது. அதை எடுத்துட்டு வாங்க.” எடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று ‘வந்துருச்சு’வை ‘வந்துவிட்டது’ ஆக்கினேன். ழகரத்துக்குத் தனியாகப் பயிற்சி. எனக்கு முன்மாதிரி, சொல்லவும் வேண்டுமா, இலங்கை அறிவிப்பாளர்கள்தான். ஆறு மாசத்தில் வீட்டிலேயே அப்படிப் பேச ஆரம்பித்து, தங்கச்சியிடம் வசவு வாங்கினேன். அதே நிலையத்தில், நாலு கதவு தள்ளி, வேளாண் நிகழ்ச்சிக்காரர்கள் எங்கள் ஊர்ப் பேச்சை வேண்டுமென்றே நடித்துக்கொண்டிருந்தார்கள். உரம் போடச் சொல்ல ஊர்ப்பேச்சு, பாட்டை அறிவிக்க நல்ல தமிழ்.

இந்தக் காயத்தோடு நான் நினைவுக் கட்டுரைகளில் ‘தூய உச்சரிப்பு’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்பட்டிருக்கிறேன். யாருடைய வாயைக் கழுவி வந்த தூய்மை அது? கட்டுரையை அந்தக் கோபத்தோடு முடித்திருந்தால் எனக்கு வசதி. ஆனால் அப்பாயி குறுக்கே வருகிறாள். ‘அன்னார்’ என்ற சொல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். களத்துமேட்டிலும் கடையிலும் வாழ்நாள் முழுக்க ‘ஏ, இந்தா’ என்று கூப்பிடப்பட்டவள். செத்துப்போன எவனோ ஒருவனை ரேடியோக்காரன் அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியம். “அன்னாராமுல்ல!” என்று சொல்லிப் பார்த்துக்கொள்வாள். எங்கள் கிடாரி செத்தபோது கூட ‘அன்னார் போய்ட்டாக’ என்றாள், சிரிக்காமல். கழுவிய தமிழ் என்னை என் வீட்டிலிருந்து பிரித்தது நிஜம். அதே தமிழ் அவளுக்கு எங்கும் கிடைக்காத ஒரு மரியாதையைக் காட்டிக்கொடுத்ததும் நிஜம். இந்த இரண்டையும் சேர்த்து வைத்து எழுதப்பட்ட ஒரு வானொலிக் கட்டுரைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

கே.எஸ். ராஜாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் குரலின் வேகத்தோடு நின்றுவிடுவதும் இதே மாதிரி பாதி வேலை. அவர் கொழும்பில் கொல்லப்பட்டார். பல கட்டுரைகளில் இது கடைசிப் பத்தியில் ஒரு ‘துரதிர்ஷ்டவசமாக’ என்று வந்து போகிறது, சிலவற்றில் அதுவும் இல்லை. எண்பதுகளில் இலங்கைத் தீவில் தமிழில் பேசுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒரு மனிதனின் முடிவு அது. அதைச் சொன்னால் பாட்டின் இனிமை கெட்டுவிடும் என்று பயப்படுகிறோம் போலிருக்கிறது. கெடட்டுமே. அப்துல் ஹமீத் தன் நினைவு நூலுக்கு ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ என்று பெயர் வைத்திருக்கிறார். நாம் இங்கே உட்கார்ந்து அவர்களைச் சிம்மாசனத்தில் ஏற்றிக்கொண்டிருக்க, அங்கே இருந்தவர் வழிப்போக்கன் என்கிறார். ரசிகர்கள் அந்தத் தலைப்பில் தன்னடக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். எனக்கு அதில் அந்த வருஷங்களும் தெரிகின்றன.

அப்பாயி 1996-ல் போனாள். கடைசி மாசங்களில் ஒருநாள், “நா செத்தா நீ ரேடியோவுல சொல்லுவியாய்யா?” என்று கேட்டாள். எங்க ரேடியோவுல அதெல்லாம் சொல்றதில்ல அப்பாயி என்றேன். “அப்ப என்னத்த வேல பாக்குற” என்றாள்.

கருமாதிப் பத்திரிகை அடிக்க கந்தர்வக்கோட்டையில் ஒரு பிரஸ்ஸுக்குப் போனேன். வாசகத்தை நானே எழுதியிருந்தேன். அச்சுக் கோக்கிறவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் ‘அன்னார்’ வழக்கமில்லை. “இது பேரா சார்?” என்றார். இல்லை, அப்படியே போடுங்கள் என்றேன். மேலே படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். அப்பாயியின் அண்ணன் பெயர், பக்கத்தில் மஸ்கெலியா.

“இவருக்கு முன்னாடி ‘காலஞ்சென்ற’ போடணுமா, வேண்டாமா?”

எனக்குத் தெரியவில்லை. அவர் எழுத்துப் பெட்டிக்கு மேல் கையை வைத்தபடி காத்துக்கொண்டிருந்தார்.