வாயிற்காவலனிடம் சொன்னது

புறநானூற்றின் 206ஆம் பாடலை நான் மாணவியாகப் படித்தபோது, பரிசில் தாமதமானதால் ஒரு புலவர் கொண்ட கோபம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் நாள் கடத்துகிறான். ஔவையார் வாயிற்காவலனிடம் பேசிவிட்டுப் புறப்படுகிறார். கோபம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று வகுப்பில் நடத்தும்போது, தன் தொழிலின் மதிப்பை அறிந்த ஒரு பெண்ணின் தன்னறிமுகமாகவே அது எனக்குப் படுகிறது.

அவர் கெஞ்சவில்லை, தன் வறுமையைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. உங்கள் தலைவனுக்குத் தன்னையே தெரியாதா, அல்லது என்னைத் தெரியாதா என்ற பொருளில் கேட்கிறார். பிறகு தன்னை யாரோடு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள்: மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் மிக்க பிள்ளைகளோடு. கோடரியோடு காட்டுக்குள் போகிறவனுக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. வித்தை கைவசம் உள்ளவளுக்குச் சோற்றுக்குப் பஞ்சமில்லை. புலமையை வரம் என்றோ அருள் என்றோ அவர் சொல்லவில்லை. கைத்தொழிலுக்குப் பக்கத்தில் அதை வைக்கிறார்.

அதியமானின் பெயர் பொறித்த கல்வெட்டு, எங்கள் திருவண்ணாமலைக்கு அதிகத் தொலைவில்லாத, திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்டது. அவன் கொடுத்த குகைப்பள்ளியைப் பற்றிய ஒற்றை வரி அது. கொடுத்தவன் பெயர் கல்லில் நிற்கிறது. வாங்கியவள் எந்த மரியாதையோடு வாங்க ஒப்பினாள் என்பதைப் பாடல்தான் சொல்கிறது.

இந்த ஔவையை நாம் என்ன செய்தோம்? பிற்கால ஔவையார்களோடு சேர்த்துக் குழைத்துப் பாட்டியாக்கினோம். 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில், மணம் வேண்டாத இளம்பெண் பிள்ளையாரை வேண்டி முதியவளாகிறாள். தன் தகுதியைத் தானே சொல்லும் பெண்ணை, முதுமையையும் பக்தியையும் போர்த்திய பிறகே நம்மால் ஏற்க முடிந்தது. அந்தப் பாட்டியாக நடித்த கே.பி. சுந்தராம்பாளோ, 1935இன் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர். அதை இன்றும் அதிசயச் செய்தியாகவே சொல்கிறோம். ஆண் நடிகர் வாங்கினால் அது அவருடைய சந்தை மதிப்பு.

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலிருந்து வரும் என் மாணவிகளில் சிலர், பௌர்ணமிதோறும் அம்மாவோடு பூக்கட்டி விற்பவர்கள். வேலைக்கான விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதுகிறார்கள். “அதெல்லாம் ஒரு வேலையாம்மா?” என்றாள் ஒருத்தி. என் நிலைமையும் பெரிதாக வேறில்லை. கவிதை வாசிக்க அழைப்பவர்கள் பொன்னாடை உண்டு என்கிறார்கள், தொகை கேட்டால் “கவிஞருக்குப் பணமா?” என்று சிரிக்கிறார்கள். அதே மேடையின் ஆண் பேச்சாளருக்குப் பயணச்செலவு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும்.

அடக்கம் நல்ல குணம்தான். கூலி பேசும் இடத்தில் மட்டும், பெண்ணிடம் மட்டும் அதை எதிர்பார்த்தால் அதற்குத் தள்ளுபடி என்று பெயர்.

206ஐ நடத்தி முடித்ததும் இப்போது ஒரு பயிற்சி தருகிறேன். உன் கைக்குத் தெரிந்த வேலையைப் பத்து வரியில் எழுது. ‘சும்மா’, ‘ஏதோ’ என்ற சொற்கள் வரக்கூடாது. அந்தப் பெண், ஒரு மணி நேரத்தில் தான் எத்தனை முழம் கட்டுவாள் என்பதை முதல் வரியில் எழுதினாள். விலையையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.