எடுத்தாளுகையும் பெயரிடுதலும்: 'பீட் கண்டக்டா இன் இந்தியா' இசைத்தொகுப்பு குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

பிறர் படைப்பின் ஒரு பகுதியை எடுத்துத் தம் படைப்பினுள் அமைத்துக்கொள்ளும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூல் நான்கு வகைப்படும் எனத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. உரையாசிரியர்கள் தம் மேற்கோள்களின் வாயிலாக, மறைந்துபோன நூல்களின் பாடல்களை நமக்குக் காத்துத் தந்துள்ளனர். இத்தகைய எடுத்தாளுகை இசையில் நிகழும்போது அதனை எவ்வாறு மதிப்பிடுவது என்பதை, மேட்லிப் என்பாரின் 'பீட் கண்டக்டா இன் இந்தியா' (2007) என்னும் இசைத்தொகுப்பைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொகுப்பின் இயல்பு

மேட்லிப் என்பது ஓட்டிஸ் ஜாக்சன் என்னும் அமெரிக்கக் கறுப்பின ஹிப் ஹாப் இசைஞரின் புனைபெயர். கலிபோர்னியாவைச் சேர்ந்த இவரது தொகுப்பை ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் வெளியிட்டது. 'பீட் கண்டக்டா' வரிசையின் மூன்றாம், நான்காம் பாகங்கள் இதில் ஒருங்கே அமைந்துள்ளன. உருப்படிகள் 34, அவற்றுட் பெரும்பாலானவை இரண்டு நிமிட அளவினவே. பழைய இந்திய இசைத்தட்டுகளிலிருந்து, பெரிதும் இந்தித் திரையிசையிலிருந்து, 'சாம்பிள்' எனப்படும் இசைத்துணுக்குகளை வெட்டியெடுத்து, அவற்றை மீளமீளச் சுழலவிட்டுத் தாளக்கட்டோடு இணைப்பதே இவர் கையாளும் முறை. முழுவதும் துணுக்குகளாலேயே ஒரு தொகுப்பை உருவாக்க இயலும் என்பதை டிஜே ஷேடோவின் 'என்ட்ரொட்யூசிங்' 1996ஆம் ஆண்டிலேயே உணர்த்தியிருந்தது. மேட்லிப் அவ்வழியில் இந்தியத் திரையிசையை மூலமாகக் கொள்கிறார்.

அதே 2007இல் வெளிவந்த எம்.ஐ.ஏ.வின் 'காலா' என்னும் தொகுப்போடு இதனை ஒப்பிடுதல் தகும். ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட அவர், அத்தொகுப்பின் முதற்பாடலில் இளையராசாவின் 'காட்டுக்குயிலு' (தளபதி, 1991) பாடலை எடுத்தாண்டுள்ளார். ஆங்குப் பாடுவோரின் குரலும் சொல்லும் மேலோங்கி நிற்க, மூலம் அவற்றுக்குத் துணையாகிறது. மேட்லிப்பின் தொகுப்பிலோ மேலே பாடுவார் எவருமிலர். ஆதலின் எடுத்த துணுக்கே தனித்து நின்று பொருள் தரவேண்டியுள்ளது.

வெட்டு விழும் இடம்

இத்தொகுப்பைக் கேட்போர் முதலில் கவனிக்கத்தக்கது வெட்டு விழும் இடமாகும். திரைப்பாடல் ஒன்றில் பல்லவி, சரணங்களுக்கு முன்னும் இடையும் வரும் கருவியிசையையே இத்தொகுப்பு மிகுதியும் நாடுகிறது. பாடகர் ஓயும் இடமே இவருக்குப் பாடல் தொடங்கும் இடம். மனிதக் குரல் வரும்போதும் அது சொல்லாக அன்றி ஒலியாகவே பயன்படுகிறது.

நம்மவர் கேட்கும் முறை இதற்கு நேர்மாறானது. ஜொகூர் பாருவில் நீரிணைக்கு இப்பால் மின்னல் பண்பலையையும் அப்பால் சிங்கப்பூரின் ஒலி 96.8ஐயும் கேட்டுப் பழகியோர் இதனை எளிதில் உணர்வர். அறிவிப்பாளர் படத்தையும் பாடகரையும் இசையமைப்பாளரையும் சொல்லுவார். பல வேளைகளில் அதனைச் சொல்லும் இடமே பாடலின் முன்னிசைதான். இடையிசை என்பது அடுத்த சரணத்திற்காகக் காத்திருக்கும் நேரமாகவே நமக்கு ஆகிவிட்டது. அவ்விடத்தையே நான்கு நொடித் துண்டாக்கிச் சுழலவிடும்போது, வயலின்களின் அடுக்கும் சித்தாரின் ஓர் இழுப்பும் முதன்முறையாக முழுமையாய்க் காதில் விழுகின்றன. இந்தி அறியாத தமிழருக்கும் மெட்டுத் தெரியும். ஆதலின் வெட்டுக்குப் பின் வரவேண்டியதை அவர்தம் செவி தானே நிரப்பப் பார்க்கிறது. துணுக்கு அதற்கு இடங்கொடாமல் தொடக்கத்துக்கே திரும்புகிறது. இத்தொகுப்பின் சுவை பெரிதும் இவ்வேமாற்றத்திலேயே உள்ளது எனலாம்.

பெயரின்மை

எனினும் இத்தொகுப்பு மூலத்தை எப்பெயரால் அழைக்கிறது என்பது வினாவுக்குரியது. 'மசாலா', 'இந்தியன் டெலி', 'இன்னும் சோறு' எனப் பொருள்படும் 'மோர் ரைஸ்' முதலிய தலைப்புகள் ஒரு பெருங்கலையை உணவுக்கடைப் பட்டியலாகச் சுருக்குகின்றன. 'சித்தார் ரைடு' போன்றவை கருவியைச் சுட்டினும் வாசித்தவரைச் சுட்டவில்லை.

இதற்கு ஹிப் ஹாப் மரபில் காரணம் உண்டு. அம்மரபின் முன்னோடியான கூல் ஹெர்க், போட்டியாளர் அறியாதிருக்கத் தம் இசைத்தட்டுகளின் மேலொட்டுகளை நீரில் ஊறவைத்து அகற்றியவர். ஆயினும் பெயரின்மை எப்போதும் தீங்கற்றதன்று. ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் பாடகியின் 'அடிக்டிவ்' (2002), 'ஜோதி' (1981) என்னும் இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடலை எடுத்தாண்டது. இசையமைப்பாளர் பப்பி லாஹிரியின் பெயரைக் குறிக்காமல் அதனை விற்கலாகாது என லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றம் 2003இல் ஆணையிட்டது.

ஆனால் குற்றத்தை மேட்லிப்பின்மீது மட்டும் சுமத்துதல் முறையாகாது. இடையிசைகளை ஒழுங்கமைத்த செபாஸ்டியன் டிசூசா, 'ஆராதனா' (1969) படத்தின் 'ரூப் தேரா மஸ்தானா' பாடலில் அக்கார்டியன் வாசித்த கெர்சி லார்டு போன்றோரின் பெயர்களைப் பாடலை விரும்பிக் கேட்டோரும் அறிந்திலர். அவர் பெயரை அழித்தது வெட்டுக்கருவி அன்று. அப்பெயர் முன்பே நம்மால் கேட்கப்படாதிருந்தது.

ஈண்டுக் குறுந்தொகை நமக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. இயற்பெயர் அறியப்படாத புலவர்க்குச் செம்புலப்பெயல்நீரார் எனவும் அணிலாடு முன்றிலார் எனவும் அவர்தம் பாடற்றொடரையே பெயராக்கினர் தொகுத்தோர். பெயர் தொலைந்த இடத்திலும் படைப்பைக் கூர்ந்து நோக்கி, அதனுள்ளிருந்தே ஒரு பெயரை எடுத்து அளித்தனர். 'மோர் ரைஸ்' என்னும் தலைப்பிலோ கேட்ட இசையின் சுவடே இல்லை. எடுத்தாளுதலில் அல்ல, பெயரிடுதலிலேயே இத்தொகுப்பு குறைபடுகிறது.

முடிவுரை

மேட்லிப்பின் தொகுப்பு நாம் பேசிக் கடந்த இசையை நிறுத்திக் கேட்பித்தது. இஃது அதன் சிறப்பு. கேட்டதற்கு உரிய பெயரை வழங்காமை அதன் குறை. இக்குறையை நிரப்பும் பணி அமெரிக்க இசைஞருக்கு மட்டும் உரியதன்று. தமிழாசிரியர்கள் ஒரு திரைப்பாடலின் இடையிசையை மட்டும் வகுப்பில் ஒலிக்கச்செய்து, அதில் கேட்பன யாவை என மாணவரை எழுதச் செய்யலாம். அதனை வாசித்தவர் யாவர் எனத் தேடவும் பணிக்கலாம். விடை கிட்டாவிடின், கேட்ட இசையினின்றே அதற்கொரு பெயர் சூட்டட்டும். தொகைநூல் தொகுத்தோர் செய்ததும் அதுவேயாகும்.