ஞாயிறு வணக்கமும் கிறித்தவ நெறியும்

மார்கழி கழிந்து தை பிறக்கும் நாட்களில் மலேசியத் தமிழரிடையே இரண்டு கூற்றுகள் ஆண்டுதோறும் தலைதூக்கக் காண்கிறோம். ஒன்று, பகுத்தறிவு பேசுவோர் சிலரின் கூற்று. கிறிஸ்துமஸ் என்பது பழைய உரோமர் கொண்டாடிய கதிரவன் பிறந்தநாளே. ஏசு என்பது கதிரவனுக்கு இட்ட மற்றொரு பெயரே என்பது அது. மற்றொன்று, கிறித்தவப் போதகர் சிலரின் கூற்று. பொங்கல் என்பது ஞாயிற்று வணக்கம். ஆகவே ஞானஸ்நானம் பெற்ற தமிழன் தன் வாசலில் பானை ஏற்றலாகாது என்பது இது. ஒன்றையொன்று பகைக்கும் இவ்விரு கூற்றுகளும் உண்மையில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. நாள் ஒத்தால் நம்பிக்கையும் ஒன்று, உருவம் ஒத்தால் உட்பொருளும் ஒன்று என்பதே இரண்டிற்கும் அடித்தளம். அந்த அடித்தளம் உறுதியானதா என்பதே ஆராயத்தக்கது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் ஆராய்ச்சியன்று. பினாங்கு மாநிலத்துப் பத்து காவானிலும் அதையொத்த பிற தோட்டப்புறங்களிலும் இந்துக் குடும்பமும் கிறித்தவக் குடும்பமும் அடுத்தடுத்த வாசலில் வாழ்ந்து பழகியவை. தமிழ்ப்பள்ளித் திடலில் பொங்கல் பானை பொங்குகையில், அருகே வரலாமா கூடாதா என்று ஒரு கிறித்தவப் பிள்ளை தயங்கி நின்றால், அதற்கு விடை கூற வேண்டியவர் ஆசிரியரே. 2020 சனவரியில், பள்ளிகளில் நடைபெறும் பொங்கல் இந்துக்களின் சமய விழா என்றும் முஸ்லிம் மாணவர் அதிற் கலந்துகொள்ளலாகாது என்றும் கூறும் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று பெரும் வாதத்தை எழுப்பிற்று. பண்பாடா, சமயமா என்று அன்று பலரும் முழங்கினர். வணக்கம் என்பது யாது, எது செய்தால் அது வணக்கமாகும் என்று நின்று கேட்டவர் சிலரே.

முதற் கூற்றின் வேரைப் பார்ப்போம். பிரெஞ்சு நாட்டில் துப்புயி என்பார் 1795-இல் வெளியிட்ட பெருநூலில் எல்லாச் சமயங்களும் வான்கோள் வழிபாட்டிலிருந்து பிறந்தவை என்றும், ஏசுவும் ஞாயிறே என்றும் வாதித்தார். பன்னிரு சீடர் பன்னிரு இராசிகள். சாவும் உயிர்ப்பும் குளிர்காலமும் வேனிலும். இன்று மேடைகளில் கேட்கும் வாதம் பெரும்பாலும் இதன் எச்சமே.

இவ்வாதத்திற்கு வந்த மறுப்புகளுள் மிகச் சுவையானது பெரெசு என்னும் நூலகர் 1827-இல் எழுதிய சிறு நூல். நெப்போலியன் என்று ஒருவன் வாழ்ந்ததே இல்லை என்று அவர் ‘நிறுவினார்’. நெப்போலியன் என்ற பெயர் அப்போலோ என்னும் ஞாயிற்றுத் தேவன் பெயரின் திரிபு. தாய் லெத்தீசியா, அப்போலோவின் தாய் லெத்தோ. உடன்பிறந்த மங்கையர் மூவர் மூன்று அழகுத் தேவியர். சகோதரர் நால்வர் நான்கு பருவங்கள். படைத்தலைவர் பன்னிருவர் பன்னிரு இராசிகள். கிழக்குக் கடலில் எழுந்து மேற்குக் கடலில் மறைந்தான், ஆகவே அவன் ஞாயிறே! நெப்போலியன் செயின்ட் எலனாத் தீவில் மாண்டு ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. அவனை நேரிற் கண்டோர் ஆயிரக்கணக்கில் உயிரோடிருந்தனர். எண்ணும் பெயரும் ஒத்துப்போவதைக் கொண்டு எதையும் ஞாயிறாக்கிவிடலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டியவர் இலர். தமிழாசிரியர் தம் மாணவர்க்கு ஏரணம் கற்பிக்க எடுத்தாளத்தக்க நூல் அது.

நகைத்துவிட்டு நகர்வது மட்டும் நேர்மையாகாது. எதிர்த்தரப்பிடம் வலுவான சான்றுகளும் உள. உரோமப் பேரரசன் அவுரேலியன் ‘வெல்லப்படா ஞாயிறு’ என்னும் தெய்வத்திற்குக் கி.பி. 274-இல் பெருங்கோயில் எடுத்தான். கி.பி. 354-இல் உரோமில் தொகுக்கப்பட்ட நாட்காட்டியில் திசம்பர் 25-க்கு நேரே ‘வெல்லப்படாதவன் பிறந்தநாள்’ என்றும், அன்று முப்பது தேரோட்டப் பந்தயங்கள் என்றும் குறிப்புண்டு. அதே தொகுப்பின் மற்றொரு பகுதியில் அதே நாளுக்கு நேரே கிறிஸ்துவின் பிறப்பும் குறிக்கப்பட்டுள்ளது. எது எதைப் பார்த்து எழுந்தது என்பதில் அறிஞர் இன்றும் ஒத்த கருத்தினர் அல்லர். மார்ச்சு 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது திங்கள் கூட்டிக் கணக்கிட்ட நாள் என்பாரும் உளர். விவிலியம் பிறந்தநாளைக் குறிக்கவே இல்லை; ஆர்மீனியத் திருச்சபை இன்றும் சனவரி 6-ஐயே கொண்டாடுகிறது. ஆகவே நாள் கடனாகப் பெற்றதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வதால் கிறித்தவர்க்கு வரும் இழுக்கு ஒன்றுமில்லை. மித்திரன் என்னும் தேவனும் அன்று கன்னியிடம் பிறந்தான் என்று சிலர் சேர்த்துச் சொல்வதுதான் வீண். பழைய சிற்பங்களில் மித்திரன் பாறையைப் பிளந்துகொண்டு வெளிப்படுகிறான். கன்னி எவளும் அங்கில்லை.

இதனினும் வலுவான சான்று ஒன்று உரோமில் தூய பேதுரு பேராலயத்தின் அடியில் உள்ளது. 1940-களில் நிகழ்ந்த அகழ்வில் துப்புரவாக்கப்பட்ட பழைய கல்லறை ஒன்றின் கூரையில், தலையைச் சுற்றிக் கதிர் வீச, குதிரை பூட்டிய தேரில் செல்லும் ஓர் உருவம் வண்ணக்கற்களால் இழைக்கப்பட்டுள்ளது. பார்த்தவுடன் ஞாயிற்றுத் தேவன் என்றே சொல்லத் தோன்றும். அதே கல்லறைச் சுவர்களில் வேறு என்ன உண்டு என்று பார்க்க வேண்டும். மீன் வாய்ப்பட்ட யோனா இருக்கிறான். தூண்டிலிடும் மீனவன் இருக்கிறான். ஆட்டைச் சுமக்கும் மேய்ப்பன் இருக்கிறான். ஒரு சொல்லின் பொருளை அது நிற்கும் பாட்டைக் கொண்டே துணிய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். படத்துக்கும் அதுவே விதி. தேரேறியவன் கிறிஸ்து என்றே ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். கலைஞன் கற்றிருந்த உருவம் அது ஒன்று. அதில் தன் வழிபாட்டுக்குரியவனை ஏற்றினான்.

இங்கே தமிழாசிரியரிடம் பிறரிடம் இல்லாத ஒரு கருவி உண்டு. உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழிப் பிறக்கும் என்றும், உயர்ந்த பொருளையே உவமையாகக் கொள்ள வேண்டும் என்றும் தொல்காப்பியம் வகுத்தது. கண்ணாற் காணும் பொருள்களுள் ஞாயிற்றினும் உயர்ந்தது எது? ஆகவே எந்நாட்டுப் புலவனும் தன் தெய்வத்துக்கு ஞாயிற்றையே உவமை தேடினான். திருமுருகாற்றுப்படையின் தொடக்கத்தில் முருகனின் பேரொளி, கடல்மேல் எழும் இளஞாயிற்றுக்கு ஒப்பிடப்படுகிறது. அதைக் கொண்டு முருகன் என்பது ஞாயிற்றின் மறுபெயர் என்று உரை கண்டவர் எவருமில்லை. அவ்வாறிருக்க, மலாக்கி தீர்க்கதரிசி நூலில் வரும் ‘நீதியின் சூரியன்’ என்னும் தொடரை மட்டும் உவமையென்று கொள்ளாது வழிபாடென்று கொள்வது என்ன நியாயம்? நீதியின் சூரியன் என்றவிடத்தே ஒப்புமை பயன்பற்றியது. இருள் நீங்குவதும் நலம் விளைவதுமே ஒப்பு. உருண்டைப் பிழம்பு ஒப்பன்று.

விவிலியத்தின் இறுதி நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஞாயிற்றை ஆடையாக உடுத்த ஒரு பெண் அதில் வருகிறாள். ஞாயிறும் திங்களும் வேண்டாத ஒரு நகரம் வருகிறது. ஒப்புமையைக் காட்டிப் பின் வேறுபாட்டால் உயர்த்துவதைத் தண்டியலங்காரம் வேற்றுமையணி என்னும். ஞாயிறு ஒளி தருவது, மறைவது. இவன் ஒளி தருபவன், மறையாதவன் என்னும் நடை அது. ஞாயிற்றை வணங்குவோன் அதனை உடையாக்கவும் மாட்டான், வேண்டாமென்று விலக்கவும் மாட்டான்.

பழைய ஏற்பாட்டைப் புரட்டினால் ஐயமே எழாது. படைப்புக் கதையில் ஒளி முதல் நாளில் உண்டாகிறது. ஞாயிறோ நான்காம் நாளில்தான். அதுவும் பெயர் சொல்லாமல் ‘பெரிய சுடர்’ என்ற அளவில் கூறப்படுகிறது. சுற்றியிருந்த நாடுகளெல்லாம் தெய்வமெனத் தொழுத ஒன்றை, நாள் பகுக்கும் விளக்காக இறக்கி வைத்த துணிவு அது. எருசலேம் ஆலயத்தில் ஞாயிற்றுக்கென நிறுத்தியிருந்த குதிரைகளை யோசியா மன்னன் அகற்றினான், தேர்களை எரித்தான். ஆலயத்துக்கு முதுகு காட்டிக் கிழக்கு நோக்கி ஞாயிற்றைத் தொழுத மாந்தரை எசேக்கியேல் கடிந்தான். கதிரவன் ஒளியைக் கண்டு உள்ளம் மயங்கிக் கையை முத்தமிட்டிருந்தால் அதுவும் குற்றமே என்று யோபு தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறான்.

மக்களிடையே மயக்கம் இல்லாமற் போகவில்லை. கிழக்கு நோக்கித் தொழும் வழக்கத்தால் கிறித்தவர் ஞாயிற்றை வணங்குகின்றனர் என்று அக்காலத்திலேயே பழி எழுந்தது, கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த தெர்த்துல்லியன் அதனை மறுத்தெழுதினார். அடுத்த செய்தி இன்னும் வியப்பானது. கி.பி. 440 முதல் 461 வரை திருத்தந்தையாயிருந்த முதலாம் லியோ, தூய பேதுரு ஆலயப் படிகளில் ஏறும் கிறித்தவர் சிலர் உள்ளே புகுமுன் திரும்பி நின்று எழுஞாயிற்றுக்குத் தலைவணங்குவதைக் கிறிஸ்துமஸ் மறையுரையிலேயே கண்டித்தார். இரண்டும் ஒன்றென்று வாதிப்போர் இதனைத் தம் சான்றாகக் காட்டுவர். ஆனால் இரண்டும் ஒன்றாயின் கண்டனம் எதற்கு? தலைவணங்கியவரைப் பழைய பழக்கம் விடவில்லை. ஆலயத்தின் கொள்கை அதுவன்று என்பதற்குக் கண்டித்த வாயே சான்று.

இனி நாளுக்கு வருவோம். உரோமில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் ஏறத்தாழ ஆறு மணி நேர வேறுபாடு உண்டு. அங்கே திசம்பரில் ஞாயிறு நலிந்து சாவதும் மீண்டும் பிறப்பதும் கண்ணெதிர்க் காட்சி. பத்து காவானோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையில் உள்ளது. நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் வேறுபாடு அரை மணிக்குச் சற்று மிகுதி, அவ்வளவே. இங்கு ஞாயிறு சாவதுமில்லை, பிறப்பதுமில்லை. பால்மரம் சீவியவர்க்கு அது எழுமுன் வேலை தொடங்க வேண்டும், ஏறினால் பால் சுரப்பது குறையும் என்பதே ஞாயிற்றைப் பற்றிய முதற்பாடம். ஆயினும் இந்த மண்ணில் கிறித்தவர் திசம்பர் 25-ஐக் குறைவின்றிக் கொண்டாடுகின்றனர். ஞாயிற்றின் பிறப்பே அவ்விழாவின் உயிராயின், ஞாயிறு பிறவாத நாட்டில் அது எப்படி வேர்விட்டது?

தமிழ்ப் பஞ்சாங்கமும் இதில் ஓர் உண்மையை ஒளித்து வைத்திருக்கிறது. ஞாயிறு தென்கோடி சென்று வடக்கே திரும்பும் நாள் இப்பொழுது திசம்பர் 21 அல்லது 22. பழைய உரோமர் அதனைத் திசம்பர் 25 என்று கொண்டனர். தைம்முதல் நாளும் அந்தத் திரும்புநாளின் நினைவே. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் மகர சங்கராந்தி உண்மையாகவே அந்நாளை ஒட்டி நின்றது; விண்மீன்களைக் கொண்டு கணிக்கும் முறையால் சிறிது சிறிதாக விலகிச் சனவரி 14-க்கு வந்துவிட்டது. அவுரேலியன் கோயில் எடுத்த காலமும் அதுவே. வானத்து நிகழ்ச்சி ஒன்று, அதனைச் சுற்றி எழுந்த விழாக்கள் பல. வானம் யாருக்கும் தனியுடைமையன்று.

கிழமைப் பெயரைப் பாருங்கள். கிறித்தவர் வாரத்தின் முதல் நாளில் கூடுவது, உரோம அரசன் கான்ஸ்டன்டைன் கி.பி. 321-இல் அந்நாளை ஓய்வுநாளாக்கியதற்கு வெகுகாலம் முன்பே இருந்த வழக்கம், கி.பி. 150 அளவில் யுஸ்தீன் அதனைக் குறித்து, படைப்புத் தொடங்கிய நாளும் கிறிஸ்து உயிர்த்த நாளும் அதுவென்று காரணமும் காட்டினார். தமிழ்க் கிறித்தவன் அந்நாளை ஞாயிற்றுக்கிழமை என்கிறான். மலாய்க்காரர் மிங்கு என்றும் கூறுவர். அச்சொல், ‘ஆண்டவருடைய நாள்’ என்று பொருள்படும் டொமிங்கோ என்னும் போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபு. மிங்கு என்று சொல்லும் முஸ்லிம் அதனால் கிறித்தவனாவதில்லை. ஞாயிறு என்று சொல்லும் கிறித்தவன் கதிரவனைத் தொழுவதுமில்லை. சொல்லின் பிறப்பு வேறு, சொல்வோன் நெஞ்சம் வேறு. பகுத்தறிவாளரும் போதகரும் சேர்ந்து மறந்த இடம் இதுவே.

பொங்கலைப் பற்றி மழுப்பாமற் பேச வேண்டும். அது வெறும் அறுவடை விழா, சமயம் சிறிதுமில்லை என்போர் வசதிக்காகப் பாதியைச் சொல்கின்றனர். முற்றத்தில் கோலமிட்டு, வாழையிலையில் படைத்து, கதிரவனை நோக்கிக் கைகூப்பும் இந்துத் தமிழர்க்கு அது வணக்கமே. ஞாயிற்றை முழுமுதலாகக் கொண்ட சௌரம் ஆறு சமயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கும்பகோணத்தை அடுத்த சூரியனார் கோயில் முதற் குலோத்துங்கன் காலத்தது. சைவரோ ஞாயிற்றை இறைவனின் எட்டு வடிவங்களுள் ஒன்றாகக் கொண்டு அதனைக் கடந்தும் நோக்குவர். இவற்றையெல்லாம் ‘பழங்கால அறியாமை’ என்று ஒரு சொல்லில் ஒதுக்கும் போதகர், அயலான் நெறியையும் அறிந்தவரல்லர், தம் நெறியின் வரலாற்றையும் அறிந்தவரல்லர்.

அதே பொங்கலுக்கு இன்னொரு வாசலும் உண்டு. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952-இல் சிங்கப்பூரில் தமிழர் திருநாளைத் தொடங்கியபோது, சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் கூடத்தக்க நாளாகத் தையையே தேர்ந்தார். சுயமரியாதைக் கொள்கையினரான அவர் எவரையும் ஞாயிற்றைத் தொழ அழைக்கவில்லை. அத்திருநாள் மலாயாவெங்கும் பரவிற்று. இன்று மலேசியாவில் தேவாலயங்கள் சிலவற்றில் தைத்திருநாளன்று பொங்கலிட்டு, விளைச்சலுக்காக இறைவனுக்கு நன்றி கூறும் வழிபாடும் நடைபெறுகிறது. அரிசி அதே அரிசி, பானை அதே பானை. நன்றி செல்லும் முகவரி வேறு. லியோ கண்டித்த படிக்கட்டுக் கிறித்தவனிடத்தும் யோபுவிடத்தும் சோதிக்கப்பட்டது இந்த முகவரி ஒன்றே. அவர்கள் கண்ட ஞாயிறு ஒன்றுதான்.

ஆகவே பள்ளித் திடலில் தயங்கி நிற்கும் பிள்ளையிடம் ஆசிரியர் கூறத்தக்கது அதிகமில்லை. பால் பொங்கும்போது கூவலாம், கரும்பு கடிக்கலாம், பாட்டுப் பாடலாம். கைகூப்பும் நேரம் வரின் கூப்புவதும் கூப்பாமையும் அப்பிள்ளையின் வீட்டார் நெறிப்படி. அதற்காக எவரும் அப்பிள்ளையை ஏசவும் வேண்டா, இழுக்கவும் வேண்டா. வராமலே இருந்துவிடுவோம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தாலும், அவர்களைத் தமிழரல்லர் என்று சொல்லும் உரிமை விழாக்குழுவினர்க்கு இல்லை.