ஒரு வரி மர்மக் கதை!

மாசா மாசம் லட்சக்கணக்கானவர்கள் ஆவலோடு வாசிக்கும் ஒரு பக்கப் படைப்பு அது. ஆனால், யாரும் விமர்சனம் எழுதுவதில்லை. நான் சொல்வது சம்பள ஸ்லிப்பை!

இடது பக்கம் வரவு. பேசிக், வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று விலாவாரியான வர்ணனை. வலது பக்கம் பிடித்தம். அங்கேதான் 'வருமான வரி: 7,345' என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. ஏன் 7,345? மூச்!

போட்டுப் பார்ப்போமா? 2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. மாதச் சம்பளம் 1,20,000 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 14,40,000. நிலையான கழிவு 75,000 போக மிச்சம் 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவிகிதம், 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவிகிதம், 40,000. மீதி 1,65,000-க்கு 15 சதவிகிதம், 24,750. ஆக 84,750. அதன் மேல் 4 சதவிகித செஸ் 3,390. மொத்தம் 88,140. பன்னிரண்டால் வகுத்தால் 7,345. அட, இவ்வளவுதானா!

இவ்வளவேதான். ஆனால், அக்டோபரில் ஒரு லட்சம் போனஸ் வருகிறது என்று வையுங்கள். அதற்கான வரி, செஸ்ஸோடு 15,600. மீதமிருக்கும் ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,600 கூடும். நவம்பரில் போனஸ் இருக்காது. பிடித்தம் மட்டும் 9,945 என்று நிற்கும். 'என்னங்க இது அநியாயம்?' என்று நீங்கள் பதறுவீர்கள். அநியாயம் இல்லை. வருஷ வருமானத்தை உத்தேசமாகக் கணக்கிட்டுப் பிடிக்கணும், கூடக் குறைய இருந்தால் அந்த வருஷத்துக்குள்ளேயே சரிக்கட்டலாம் என்பதுதான் 1961-ம் வருஷச் சட்டம் சொன்ன வழி.

என் புகார் சட்டத்தின் மேல் இல்லை, எழுத்தின் மேல். உங்கள் வருமானம் இவ்வளவு என்று கம்பெனி போட்ட உத்தேசம் உங்கள் கண்ணுக்கே வருவதில்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுத்து, வாடகை ரசீதைக் கொடுக்க மறந்தவருக்கு, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் சம்பளம் பாதியாகும்போதுதான் விஷயமே உறைக்கும். முழுக் கணக்கைச் சொல்லும் படிவம் 16-க்கு, அந்த வருஷத்துக்கான கெடு 2026 ஜூன் 15. ஏப்ரலில் பிடித்த பணத்துக்கு அடுத்த வருஷம் ஜூனில் விளக்கம்!

சில கம்பெனிகள் வரிக் கணக்குத் தாளைத் தனியாகத் தருகின்றன. அவர்களுக்கு ஒரு சபாஷ். மற்றவர்கள் பெரிதாக மெனக்கெட வேண்டாம். வருஷ உத்தேச வருமானம், மொத்த வரி, இதுவரை பிடித்தது, இன்னும் பிடிக்கவேண்டியது... நாலே வரி போதும்.

அதுவரை? ஏப்ரல் மாசமே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போய் அந்த நாலு எண்களைக் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். உங்க பணம் சார் அது!